எட்டாம் வாய்ப்பாடு

கடன் வாங்குகிறவனுக்குப் பெருக்கல் தெரியாமல் இருப்பது நல்லது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. 2013-ல், மேடவாக்கத்தைத் தாண்டி, இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றுக்காக 18 லட்சம் ரூபாய் கடன், பத்தரை சதவீத வட்டி, 20 வருடம், மாதம் 17,971 ரூபாய் என்று ஒரு கட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டபோது, என் கவலையெல்லாம் கையெழுத்து எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி விழ வேண்டுமே என்பதுதான். பேனாவைக் கீழே வைத்ததும் அதிகாரி எழுந்து "கங்கிராட்ஸ் சார்" என்று கைகுலுக்கினார். ஒருவன் கடன்காரன் ஆனதற்கு வாழ்த்துச் சொன்னவர் அவர் ஒருவர்தான். ஊரிலிருந்த பெரியப்பா, விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உடம்பைப் பாத்துக்கோ" என்று போனை வைத்தார்.

முதல் மாதக் கணக்கு வந்தது. கட்டிய 17,971-ல் வட்டிக்கு 15,750, அசலுக்கு 2,221. யாரோ அவசரத்தில் இரண்டு தொகையையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று முடிவுகட்டி, அந்த ஆள் வேலைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தோடு நானே வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் பொறுமையாகப் பார்த்தான். "சரியாத்தான் சார் இருக்கு. ஆரம்பத்துல பெரும்பாலும் வட்டிதான் போகும். போகப் போகத்தான் அசல் குறையும். முடியறப்போ மொத்தமா 43 லட்சம் கட்டியிருப்பீங்க." எனக்குப் பின்னால் டி.டி. எடுக்க நின்றிருந்த பெரியவர் 'உச்' கொட்டினார். உறவுக்காரர்கள் உச் கொட்டினால் தாங்கிக்கொள்ளலாம். முன்பின் தெரியாத மனிதர் வரிசையில் நின்று கொட்டினால், அன்று இரவு சாப்பாடு இறங்காது.

வீட்டில் சொன்னேன். என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏங்க, முன்னாடியே கட்டினா ஃபைன் போடுவாங்களா?"

"பின்னே? போடாம விடுவானா?" என்றேன். குடும்பத் தலைவன் என்றால் எதையாவது உறுதியாகச் சொல்ல வேண்டும். மறுநாள் அவள் விசாரித்துக்கொண்டு வந்தாள். ஃபுளோட்டிங் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கிய தனிநபர்களிடம் அப்படி அபராதம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டதாம். நான் உறுதியாகச் சொல்வது, அவள் விசாரித்துக்கொண்டு வருவது என்கிற வேலைப் பங்கீடு அன்றைக்கு ஆரம்பித்தது. இன்றுவரை இரண்டு பேரும் விடுப்பு எடுக்கவில்லை.

எங்கள் பெண் அப்போது ஏழாம் வகுப்பு. கூட்டு வட்டிக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வீட்டு வரவு செலவை அவளிடம் காட்டாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, "அப்பா, மொத வருஷமே 10,000 ரூபா அதிகமாக் கட்டினா, கடைசியில நாலு இ.எம்.ஐ. கட்ட வேண்டாம்" என்றாள். பத்தாயிரம் கட்டினால் எழுபதாயிரத்துக்கு மேல் மிச்சம். பத்தரை சதவீதத்தில் இன்றைக்குக் குறைக்கிற ஒரு ரூபாய், இருபதாவது வருட முடிவில் எட்டு ரூபாய் ஆகிறது. அதைத்தான் அவள் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாள்.

அந்த எட்டு என் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அன்று மாலை சரவண பவனில் நான்கு பேர் டிபன் சாப்பிட்டு பில் வந்ததும், அதை எட்டால் பெருக்கினேன். வயிற்றில் இருந்த ரவா தோசை அப்படியே நின்றுவிட்டது. அதிலிருந்து வீட்டில் எந்தச் செலவும் அதன் சொந்த விலையில் நடக்கவில்லை. பையன் இருபது ரூபாய் ஐஸ்கிரீம் கேட்டால், "கண்ணா, இது 2033-ல் நூற்று அறுபது ரூபாய்" என்பேன். அவன் அழுவான். ஐஸ்கிரீமுக்கு அழுகிறானா, 2033-க்கு அழுகிறானா என்று தெரியாது. ஆட்டோக்காரர் நாற்பது ரூபாய் அதிகம் கேட்டபோது, "முன்னூத்தி இருபது ரூபாயா!" என்று அலறிவிட்டேன். அவர் மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்த வியாதிக்கு மருந்து கொடுத்தவள் என் மனைவிதான். மருந்து என்றால் அதே எட்டு. உடம்பு இளைக்கும், பெட்ரோலும் மிச்சம் என்று ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு சைக்கிள் வாங்கி, இரண்டு வாரம் மிதித்து, பிறகு பால்கனியில் நிறுத்தியிருந்தேன். அவள் அதன்மேல் ஈரத் துண்டைக் காயப் போட்டபடியே சொன்னாள்: "நாப்பத்தெட்டாயிரம் ரூபாய்க்குத் துணிக்கொடி போட்ட வீடு நம்ம காலனியிலேயே நம்மளுதுதான்."

அம்மா எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அவளுடைய சட்டம் சுருக்கமானது. "பத்திரம் யார்கிட்ட இருக்கு?"

"பேங்க்ல இருக்கும்மா."

"அப்ப வீடு அவங்களுது. நாம வாடகைக்கு இருக்கோம்."

வருகிறவர்களிடமும் அப்படியே சொல்லுவாள். "வீட்டு ஓனர் ரொம்ப நல்லவங்க. மாசா மாசம் பணம் போயிட்டா ஒரு தொந்தரவும் கிடையாது. தண்ணி கூட நிறுத்தறதில்லை." கீழ் வீட்டுக்காரர்கள் ரொம்ப நாள் நாங்கள் வாடகைக்கு இருப்பதாகவே நினைத்து, அசோசியேஷன் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. நான் திருத்தவில்லை. அந்தக் கூட்டங்களில் வசூல் நடக்கும்.

சிக்கனம் என்று இறங்கிய பிறகு திட்டம் வேண்டாமா? கவர் முறை என்று ஒன்று கேள்விப்பட்டேன். சம்பளம் வந்ததும் பணத்தைத் தனித்தனிக் கவரில் போட்டு, மேலே எழுதிவிட வேண்டும். பால், மளிகை, காஸ், ஈ.பி., ஸ்கூல் ஃபீஸ், மருந்து, மொய், இதர. அந்தந்தச் செலவு அந்தந்தக் கவரிலிருந்து. மாதக் கடைசியில் மிஞ்சுவது கடனுக்கு. முதல் தேதி இரவு அந்தக் கவர்களை அலமாரியில் வரிசையாக நிற்க வைத்துவிட்டுப் படுத்தேன். அப்படி ஒரு தூக்கம் வாழ்க்கையில் வந்ததில்லை.

பத்தாம் தேதி ஒரு கல்யாணம். மொய்க் கவரில் போதவில்லை. பால் கவரிலிருந்து இருநூறு எடுத்து, 'பாலுக்கு மொய் தரவேண்டியது 200' என்று ஒரு துண்டுச் சீட்டை உள்ளே போட்டேன். பன்னிரண்டாம் தேதி பாலுக்கு மளிகை கொடுத்தது. மளிகைக்கு மருந்து கொடுத்தது. இருபதாம் தேதி கவர்களைத் திறந்தால் எல்லாவற்றிலும் சீட்டுதான் இருந்தது, பணம் இல்லை. வெளியே ஒரு கடன் போதாதென்று அலமாரிக்குள் ஏழு கடன்காரர்கள். 'இதர' மட்டும் யாரிடமும் வாங்காமல், யாருக்கும் கொடுக்காமல், தானாகவே காலியாகியிருந்தது. அது எப்படி என்று நான் ஆராயவில்லை. ஆபீஸ் கேன்டீன் பஜ்ஜியை எட்டால் பெருக்குகிற தைரியம் எனக்கு இல்லை.

மொய் விஷயத்தில் ஒரு கொள்கை முடிவு எடுக்கலாம் என்று பார்த்தேன். 501 ரூபாய் மொய், எட்டால் பெருக்கினால் நாலாயிரத்து எட்டு. தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதங்களில் மட்டும் இரண்டு இ.எம்.ஐ. போகிறது. "இனிமே நெருங்கின சொந்தத்துக்கு மட்டும்" என்று அறிவித்தேன். மனைவி எங்கள் கிரகப்பிரவேச மொய் நோட்டை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். "இவங்கெல்லாம் நமக்குச் செஞ்சிருக்காங்க. இது மட்டும் கடன் இல்லையா? பேங்க் கடனையாவது முன்னாடி கட்டலாம். இதை முன்னாடி கட்டணும்னா அவங்க வீட்டுப் பொண்ணு வயசுக்கு வரணும்." பதில் சொல்ல எதுவும் இல்லை. இனி ஒரு கல்யாணத்திலும் இரண்டாவது பாயசத்தை விடுவதில்லை என்பதோடு கொள்கை முடிவு நின்றது.

அடுத்தது மொத்தக் கொள்முதல். தெருமுனைக் கடையில் தக்காளி விற்ற விலையில் பாதிக்குக் கோயம்பேட்டில் கிடைக்கும் என்று ஆபீஸ் நண்பர் சொன்னார். விடியற்காலையில் போனேன். சில்லறை என்றால் விலை வேறு, பெட்டியாக எடுத்தால் வேறு என்றார்கள். எட்டால் பெருக்குகிறவன் பெட்டியாகத்தான் எடுப்பான். பஸ்ஸில் ஏற்ற விடவில்லை, ஆட்டோவில் வந்தேன். லாபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. பிறகு வீட்டில் தக்காளி சாதம், தக்காளி ரசம், தக்காளிக் குழம்பு, தக்காளி தோசை. பையன் ஸ்கூல் டைரியில், பிடித்த பழம் என்ற இடத்தில், 'தக்காளி தவிர' என்று எழுதினான். மீதி கனிந்துகொண்டே வந்ததால் மனைவி அதைச் சின்னச் சின்னப் பாத்திரங்களில் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினாள். நம் ஊரில் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரும் வழக்கம் இல்லை. எல்லாப் பாத்திரமும் திரும்பி வந்தது, தக்காளித் தொக்கோடு.

மின்சாரக் கதையைச் சொல்லாமல் விட்டால் எங்கள் குடும்பமே என்னை மன்னிக்காது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கிறார்கள். அப்போதெல்லாம் முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டிவிட்டால் தாண்டின அந்தச் சில யூனிட்டோடு போகாது, அடியிலிருந்தே கணக்கு மாறி, பில் எங்கேயோ போய் நிற்கும். அதனால் ஒவ்வொரு மே மாதமும் கடைசி வாரத்தில் எங்கள் வீட்டில் கிட்டத்தட்ட ஊரடங்கு. நான் டார்ச்சோடு படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் மீட்டர் பெட்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் ஒன்பது யூனிட்தான்" என்று அறிக்கை வாசிப்பேன். ஏ.சி. கிடையாது, மோட்டார் கிடையாது, இஸ்திரி கிடையாது. சட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்து, மறுநாள் போட்டுக்கொண்டு போன நாள்கள் உண்டு.

அப்படி ஒரு வருடம், மூன்றே யூனிட் பாக்கி இருக்கும்போது, என் மச்சான் குடும்பத்தோடு மதுரையிலிருந்து வந்து இறங்கினார். "என்ன மாப்ளே, இந்த வெக்கைல ஏ.சி. போடாம உக்காந்திருக்கீங்க?" என்று ரிமோட்டை எடுத்தார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தன் அண்ணனைப் பார்த்தாள். பிறந்த வீட்டு மனிதர் வியர்வையோடு உட்கார்ந்திருப்பதையும், 500 யூனிட்டையும் ஒரு தராசில் வைத்தால் எது தாழும் என்பது உங்களுக்கே தெரியும். இரவெல்லாம் ஏ.சி. ஓடியது. நான் மட்டும், எதிர்ப்பைக் காட்டுவதற்காக, ஹாலில் ஃபேனையும் நிறுத்திவிட்டுப் படுத்தேன். கொசு என்னை எட்டால் பெருக்கியது.

இவ்வளவு பண்ணியும் கடன் எப்படி அடைந்தது என்று கேட்பீர்கள். அதில் சுவாரஸ்யமே இல்லை, அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு, பன்னிரண்டுக்குப் பதில் பதிமூன்று இ.எம்.ஐ., முடிந்தால் மேலும் கொஞ்சம். அவ்வளவுதான். எங்கள் கடனுக்கு அந்தப் பதிமூன்றாவது ஒன்றே சுமார் நான்கு வருடத்தைக் குறைக்கும் என்று பெண் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அந்தப் பதிமூன்றாவது இ.எம்.ஐ. என் தீபாவளி போனஸிலிருந்து வரவேண்டும் என்பது ஏற்பாடு. பெரும்பாலான வருடங்களில் அது என் மனைவியின் தையல் மெஷினிலிருந்துதான் வந்தது. பிளவுஸ் தைத்து, புடவைக்கு ஃபால்ஸ் அடித்து, அவள் சேர்த்ததை அஞ்சலக ஆர்.டி.யில் போட்டு வைப்பாள். போனஸ் இருக்கிறதே, அது வருவதற்கு முன்னாலேயே என் வாய் வழியாக வெளியே தெரிந்துவிடும். தெரிந்த பணம் தங்காது.

பணத்தைக் கொண்டுபோய்க் கட்டுவதிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. அதிகாரி, "சார், பார்ட் பேமென்ட் போட்டா இ.எம்.ஐ.யைக் குறைக்கவா, டெனூரைக் குறைக்கவா?" என்று கேட்டார். மாதா மாதம் கொஞ்சம் குறைந்தால் நல்லதுதானே என்று நான் வாயைத் திறப்பதற்குள், மனைவி "டெனூர்" என்றாள். மாதத்தவணை அப்படியே இருந்து வருடம் குறைந்தால்தான் வட்டி மிச்சம். அவர் விடவில்லை. "இவ்ளோ அவசரமா அடைச்சா டாக்ஸ் பெனிஃபிட் போயிடுமே மேடம்?" அப்போது நான் பத்து சதவீத வரி கட்டுகிற ஆள். லட்ச ரூபாய் வட்டி கட்டினால் பத்தாயிரம் வரி மிச்சம். "மிச்சம் தொண்ணூறாயிரத்தை யார் தருவாங்க சார்?" என்று அவள் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு ஆண்கள் ஒற்றுமை மலர்ந்தது.

நடுவில் ஒரு கூத்து. புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கெல்லாம் வட்டி குறைந்துகொண்டே வர, எங்களுக்கு மட்டும் ஆடி அசைந்து வந்தது. 2019 அக்டோபரிலிருந்து புதிய ஃபுளோட்டிங் கடன்களை ரெப்போ மாதிரியான ஒரு வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. பழைய ஆசாமிகள் கேட்டால்தான் மாற்றுவார்கள். என் மனைவியின் சித்தி பெண் ஏழு சொச்சத்தில் வாங்கியிருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் நாங்கள் கேட்டோம். "இத்தனை நாள் ஏன் சொல்லலை?" என்றேன். "நீங்க கேக்கலையே சார்" என்றார்கள். நியாயம்தான். ஒரு கட்டணம் கட்டி மாற்றிக்கொண்டோம். 2020-ல் ரெப்போ நான்கு சதவீதத்துக்கு வந்திருந்தது, எங்களுக்கும் குறைந்தது. நான் தெருவில் நிமிர்ந்து நடந்தேன். 2022 மே மாதம் ஏற ஆரம்பித்து, 2023 பிப்ரவரியில் ஆறரையில் போய் நின்றது. இ.எம்.ஐ. மாறவில்லை, மாதங்கள் மட்டும் நீண்டன. வீட்டில் தக்காளித் தொக்கு சாப்பிட்டுச் சேர்த்ததெல்லாம் ரெப்போவுக்குப் போயிற்று.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வந்தபோது எங்கள் வீட்டுப் போக்குவரத்து நிர்வாகமும் கைமாறியது. இருவரும் வெளியே போனால் அவளுக்குச் சும்மா, எனக்கு டிக்கெட். "நீங்க எதுக்கு வரீங்க, தண்டச் செலவு" என்பாள். எட்டால் பெருக்கக் கற்றுக் கொடுத்த வாயால் என்ன சொல்ல முடியும்? பச்சை பாக்கெட் ஆவின் பால் நீல பாக்கெட்டானது அதே சமயம்தான். காப்பியைக் குடித்துவிட்டு அம்மா, "ஓனர் வீட்டுப் பாலா?" என்றாள்.

இதில் ஒரு விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. வருடம் ஆக ஆக அந்த எட்டு தேய்ந்துகொண்டே வரும். கடனுக்கு ஆயுள் குறையக் குறைய ஏழாகும், ஐந்தாகும், மூன்றாகும். கடைசி வருடத்தில் ஒரு ரூபாய் கட்டினால் ஒரு ரூபாய் சொச்சம்தான். பெண் கல்லூரிக்குப் போகும்போதே எட்டு செத்துவிட்டது. ஆனால் என் மனைவி மட்டும், நான் எதையாவது வாங்கினால், கடைசிவரை எட்டால்தான் பெருக்கினாள்.

2033-ல் முடிய வேண்டியது 2025-ல் முடிந்தது. கடைசித் தொகையைக் கட்டிய வருடம் பார்த்து, பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று ரெப்போவை வரிசையாகக் குறைத்தார்கள். பாக்கியே இல்லாதவனுக்கு வட்டி குறைந்தால் என்ன, ஏறினால் என்ன? இருந்தாலும் செய்தியைப் படித்து வருத்தப்பட்டேன். பழக்கம்.

கடன் முழுதாக அடைந்து 30 நாளுக்குள் அசல் பத்திரத்தைத் திருப்பித் தரவேண்டும், வங்கியின் தாமதம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ஒரு விதி 2023 டிசம்பரிலிருந்து இருக்கிறது. இதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பத்து நாள் தாமதித்தால் அரை லட்சம். ஒரு மாதம் என்றால் ஒன்றரை லட்சம், பால்கனிக்கு கிரில் போட்டுவிடலாம். ஒரு வங்கி தன் வேலையைத் தாமதமாகச் செய்ய வேண்டும் என்று பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்ட ஆள் நானாகத்தான் இருப்பேன். வங்கியிலிருந்து கெடு முடிவதற்கு வெகு முன்னாலேயே போன் வந்தது. "பத்திரம் ரெடி சார், எப்ப வரீங்க?" குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

பத்திரத்தை வாங்கி, அடமானம் தீர்ந்ததற்கான ரசீதை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, வில்லங்கச் சான்றிதழில் அது ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, வீட்டுக்கு வந்தோம். அம்மா பத்திரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அதை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. பீரோவில் வைத்தால் சாவி தொலையும், தொலைப்பது நான் என்றாள் மனைவி. பரணில் வைத்தால் கரையான். அரிசி டிரம்மில் வைக்கலாம் என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில், லாக்கரில் வைப்பது என்று முடிவாயிற்று.

பக்கத்தில் லாக்கர் காலியாக இருந்தது அதே வங்கியில்தான். அதே அதிகாரி எழுந்து கைகுலுக்கினார். வருட வாடகை எவ்வளவு என்று சொன்னார். மூன்று வருட வாடகைக்கு ஈடாக ஒரு டெபாசிட்டும் போட வேண்டுமாம். இத்தனை வருடம் இதே பத்திரம் இவர்களிடம் வாடகை இல்லாமல்தானே இருந்தது என்று சொல்ல வந்தேன். மனைவி அதற்குள் கைப்பையைத் திறந்துவிட்டாள்.

சாயங்காலம் அம்மா கேட்டாள். "பத்திரம் எங்கடா?"

"பேங்க்ல இருக்கும்மா. லாக்கர்ல."

"காசு கேக்கறானா?"

"ஆமாம்மா. வருஷ வாடகை."

அம்மா தலையாட்டினாள். "பரவாயில்லையே. முன்னெல்லாம் மாசா மாசம் வாங்கிட்டிருந்தான்."